ஆறிலிருந்து எட்டு வாரம்

டுலூத் நகரில் ஏப்ரலிலும் பனி கொட்டும்.
காலணியை உதறிவிட்டு
டொய்வோ சல்மேலாவின் பின்னால்
நிலவறைக்கு இறங்கினேன்.
மூலையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம்
முனகிக்கொண்டிருந்தது.
"இதை நிறுத்தினதே இல்லை," என்றார்,
"லெம்பி செத்த அன்றைக்குக்கூட."

முப்பத்தோரு நீளப் பெட்டிகள்.
ஒவ்வொரு காமிக்ஸும் தன் உறைக்குள்
முதுகுக்கு அட்டை கொடுத்து
விறைப்பாக நின்றது.

நான் விலை சொல்கிறவன்.
முதலில் ஸ்டேப்பிள் ஊசியைப் பார்ப்பேன்,
துருவேறியிருந்தால்
தாளில் டீக்கறை படர்ந்திருக்கும்.
பிறகு மூலைகள்.
பிறகு மூக்கு.
மட்டமான தாள் தன்னைத்தானே தின்னும்போது
வெனிலா வாசம் வரும்.
வாசம் நன்றாக இருந்தால்
விலை குறைவு.

ஒரு கணக்கு நோட்டை நீட்டினார்.
வாங்கிய தேதி, கொடுத்த காசு,
கடைசிக் கட்டத்தில் பென்சிலால் '2024'.
தொண்ணூற்று நாலில் உட்கார்ந்து
வருஷத்துக்கு எட்டு சதவீதம் என்று
முப்பது வருஷத்துக்குப் பெருக்கி வைத்திருக்கிறார்
இரும்புத்தாதுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
ஒரு கூட்டல்கூடத் தப்பவில்லை.
துப்பாக்கி சுழற்றும் கௌபாய், முதல் இதழ்:
நானூறு டாலர் நாலாயிரம் ஆகியிருக்க வேண்டும்.

"இன்றைக்கு?"

"தொண்ணூறு. ஆள் கிடைத்தால்."

அவரிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.
விலை என்பது தலை எண்ணும் வேலை.
பத்து வயதில் கடை வாசலில் நின்று
பன்னிரண்டு சென்ட் இல்லாமல் திரும்பியவர்கள்
இன்னும் எத்தனை பேர்
மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள்?
அவர்கள் கையில் ஓய்வூதியம் வரும்போது ஏறும்.
வீட்டுக்குள் சக்கர நாற்காலி வரும்போது இறங்கும்.
கௌபாய்க்காரர்கள்
குளிர்காலத்துக்குக் கொஞ்சம் பேராகப் போகிறார்கள்.
ரோபோக்காரர்கள் இப்போதுதான்
வீட்டுக் கடனை அடைத்திருக்கிறார்கள்,
அவர்களிடம் மட்டும் நான்
'சார்' போட்டுப் பேசுவேன்.

சுவரோரம் பாக்கெட் நாவல்கள்.
பசை காய்ந்துபோய்
தொட்டால் அப்பளம்.
ஓர் அட்டையில் கப்பல்தளம், சிவப்புக் கவுன்,
அறுபது வருஷமாக ஒருத்தி அலறுகிறாள்.
"கப்பலில் என்ன ஆகிறது?"
"தெரியாது. திறந்தால் முதுகு உடையும்."
கொஞ்சம் யோசித்து,
"நூலகத்துப் பிரதியைப் படித்தேன்.
கதையில் கப்பலே இல்லை," என்றார்.

ஆக, தெரியும்.
தெரியாது என்று சொல்வது
அந்தப் பிரதிக்குச் செய்யும் மரியாதை போல.

கடைசிப் பெட்டியின் அடியில்
உறையில்லாமல் ஒன்று கிடந்தது.
அட்டையில் பாதி இல்லை.
பதினேழாம் பக்கத்தில் கத்தரித்த சதுரம்,
அந்த ஓட்டை வழியே
அடுத்த பக்கத்துக் குதிரையின் ஒரு கால்.

"கூப்பன் வெட்டியது," என்றேன்,
"இதற்கு விலையே கிடையாது."
விலை போகாதது என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன்.
அவர் எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாரோ,
நோட்டைத் திருப்பிப் பார்த்தார்.
அதற்கு வரியே இல்லை.

"நான்தான் வெட்டினேன். அறுபத்திரண்டில்.
எலும்பு தெரியும் கண்ணாடி.
நாலு கால் டாலர் நாணயங்களை
அட்டைத்துண்டில் ஒட்டி அனுப்பினேன்.
வந்து சேர ஆறிலிருந்து எட்டு வாரம் என்று போட்டிருந்தது."

"வந்ததா?"

மேலே வாசற்கதவின் தபால் துவாரத்தில்
தகரம் தட்டும் சத்தம்.
எழுபத்திரண்டு வயது மனிதர்,
இடது முழங்காலில் உலோகம் வைத்தவர்,
என் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு
படிகளில் இரண்டிரண்டாக ஏறினார்.

மின்சாரக் கட்டணமாகத்தான் இருக்கும்.
நான் இயந்திரத்தைக் கேட்டபடி நின்றேன்.
குனிந்து அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன்,
சரியாக ஒரு பையனின் கத்தரி,
ஒரு மூலையில் கோணல்.